கரோலுக்குக் கைதட்டுகிறவர்களுக்கு

கீஸ்லோவ்ஸ்கியின் 'வெள்ளை' படத்தைப் பற்றி யார் பேசினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். "பாவம் சார் கரோல், எவ்வளவு அடி பட்டான், கடைசியில் எப்படி ஜெயித்தான் பாருங்கள். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் சமமாகிவிட்டார்கள்." பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு உலகப் படங்கள் பார்க்கத் தொடங்கிய நண்பர்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். அதில் மூன்று பேர் இதையே சொன்னார்கள். ஒருவர் கண் கலங்கியும் சொன்னார். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஏன் இல்லை என்பதை விளக்கமாகவே எழுதிவிடுகிறேன். கதை முழுவதும் இதில் வெளியாகிவிடும். முப்பது வருடத்துப் பழைய படம், அதனால் பாதகமில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. கிறிஸ்டோஃப் கீஸ்லோவ்ஸ்கி போலந்துக்காரர். 1941இல் பிறந்து 1996 மார்ச்சில், 54 வயதிலேயே போய்விட்டார். 1993, 94இல் 'நீலம்', 'வெள்ளை', 'சிவப்பு' என்று அடுத்தடுத்து மூன்று படங்கள் எடுத்தார். பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறங்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று வரிசையாக எடுத்துக்கொள்ளலாம். பணம் பிரான்ஸிலிருந்து வந்தது, அதனால் கொடியும் பிரெஞ்சுக் கொடி ஆயிற்று என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். மனிதர் அவ்வளவு வெளிப்படை. 'வெள்ளை'க்காக 1994 பெர்லின் விழாவில் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. திரைக்கதையில் கூட இருந்தவர் கிறிஸ்டோஃப் பியெசெவிச் என்ற வழக்கறிஞர். இவர்கள் படங்களில் கோர்ட்டும் ஜட்ஜும் அடிக்கடி தலைகாட்டுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

படம் தொடங்குவதே பாரிஸ் நீதிமன்றத்தில். கரோல் என்ற போலந்துக்காரன், முடி திருத்தும் கலைஞன், படியேறும்போதே ஒரு புறா அவன் கோட்டின் மேல் எச்சமிடுகிறது. உள்ளே அவன் மனைவி டொமினிக், பிரெஞ்சுக்காரி, விவாகரத்து கேட்டிருக்கிறாள். கல்யாணமான பிறகு தாம்பத்தியம் நடக்கவே இல்லை என்பது அவள் புகார். அவனுக்கு பிரெஞ்சு அரைகுறை. மொழிபெயர்ப்பாளர் மூலமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். பிரெஞ்சு பேசத் தெரியாததால் என் பக்கம் கேட்கமாட்டீர்களா, சமத்துவம் எங்கே போயிற்று என்று கேட்கிறான். கோர்ட்டில் தோற்கிறான். இருவருக்கும் சொந்தமான சலூன் போய்விடுகிறது. பிரான்ஸில் தங்கும் உரிமை போய்விடுகிறது. ஏ.டி.எம். இயந்திரம் கார்டை விழுங்கிக்கொள்கிறது. ஒரு பெரிய பெட்டியுடன் தெருவில் நிற்கிறான்.

இத்தோடு விட்டாளா? இரவு சலூனுக்குள் நுழைந்து தூங்கியவனைக் காலையில் பார்த்தவள், இன்னொரு முறை முயன்று, அதுவும் நடக்காமல் போக, திரைச்சீலைக்குத் தானே தீ வைத்துவிட்டு, நீதான் கொளுத்தினாய் என்று போலீஸில் சொல்வேன் என்கிறாள். பிறகு அவன் போன் செய்யும்போது வேறொருவனுடன் இருக்கும் சத்தத்தைக் கேட்க வைக்கிறாள். அந்த போன் பெட்டி முழுங்கிய 2 பிராங்க் காசுக்காக அவன் மெட்ரோ ஊழியரிடம் சண்டை போட்டு வாங்கும் காட்சி இருக்கிறதே, அது ஒன்றுக்காகவே ஸமஹோவ்ஸ்கி என்ற அந்த நடிகருக்குக் கும்பிடு போடலாம். எல்லாம் போனவன் கடைசியில் 2 பிராங்கையாவது நியாயமாகத் திருப்பிக் கேட்கிறான்.

இதுவரைக்கும் நானும் உங்களோடுதான். கரோலைப் பார்த்து எனக்கும் நெஞ்சு பிசைந்தது.

ஆனால் ஒரு நிமிஷம் நிறுத்தி யோசியுங்கள். கரோலுக்கு என்ன நடந்தது? பிறந்த ஊரை விட்டான். தாய்மொழியை விட்டான். துணையின் ஊருக்குப் போய், துணையின் மொழியில் திக்கித் திணறி, அங்கேயே உழைத்தான். உறவு கெட்டதும் கையில் காசில்லை, கணக்கில் கை வைக்க முடியாது, பெட்டியோடு வெளியே. இதற்கு நம் ஊரில் ஒரு பெயர் இருக்கிறதா என்று கேட்டால், ஆண் என்றால் 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று கேலியாகச் சொல்வோம். பெண் என்றால் பெயரே கிடையாது. அதைத்தான் 'கல்யாணம்' என்கிறோம். மருமகளாய்ப் போகிறவள் எல்லோரும் செய்வது அதுதானே?

படத்தில் இருக்கும் சிரிப்பும் சரி, பரிதாபமும் சரி, பாதிக்கு மேல் இங்கிருந்துதான் வருகிறது. மனைவிமார்களுக்கு நடப்பது ஒரு ஆணுக்கு நடந்துவிட்டது. அதனால்தான் நமக்கு அது கதையாகத் தெரிகிறது.

'சமத்துவம்' என்று தலைமேல் எழுதி வைத்திருக்கும் அந்த பிரான்ஸின் கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1791இலேயே ஒலாம்ப் து கூஜ் என்ற பெண்மணி பெண்களின் உரிமைப் பிரகடனம் ஒன்று எழுதினார். அதன் பின்னிணைப்பாக, ஆணும் பெண்ணும் சமமாகக் கையெழுத்திடும் ஒரு திருமண ஒப்பந்தத்தின் மாதிரியையும் சேர்த்திருந்தார். 1793 நவம்பரில் கில்லட்டினில் அவர் தலை போயிற்று. 1804இல் நெப்போலியனின் சிவில் சட்டம் வந்தது. கணவன் பாதுகாக்க வேண்டும், மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்று அதன் 213ஆம் பிரிவு. அதே சட்டம் 1808இல் வார்ஸாவுக்கும் போய்ச் சேர்ந்தது. நெப்போலியன் உண்டாக்கிய வார்ஸா டச்சியில் அதுவே சட்டம். ஆக, டொமினிக்கின் ஊரும் கரோலின் ஊரும் ஒரே புத்தகத்தைப் படித்தவைதான். ஓட்டுரிமை விஷயத்தில் போலந்து முந்திக்கொண்டது. அங்கே பெண்களுக்கு 1918இல் கிடைத்தது, பிரான்ஸில் 1944இல்தான்.

நான் பாங்கில் வேலை பார்த்தவன் என்பதால் இதில் எனக்குச் சுருக்கென்று தைத்தது இன்னொரு வருடம்: 1965. கணவனின் சம்மதம் இல்லாமல் ஒரு மனைவி தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் வேலைக்குப் போகவும் பிரெஞ்சுச் சட்டம் முழுதாக வழிவிட்டது அந்த வருடத்துச் சட்டத்தில்தான். கரோலின் கார்டை மெஷின் விழுங்குவதற்கு முப்பது வருடம் முன்னால்கூட இல்லை. அதற்கு முன்பு எத்தனை பெண்களுக்கு, விழுங்குவதற்குக் கார்டே இல்லாமல் இருந்தது? அவர்களை வைத்து யாரும் பெர்லின் பரிசு வாங்கவில்லை.

என் கவுன்டருக்கு வந்த பெண்களும் ஞாபகத்துக்கு வருகிறார்கள். கணவர் போன பதினைந்தாம் நாள், பாஸ்புக்கை மஞ்சள் பைக்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, "இதுல எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க தம்பி" என்பார்கள். முப்பது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்திருப்பார்கள். 'எய்தர் ஆர் சர்வைவர்' என்று ஜாயின்ட் கணக்கு வைத்தவர்கள் அப்போது குறைவு. நாமினி இடத்தில் தம்பி பெயரோ அண்ணன் பெயரோ இருக்கும். அதைப் படித்துச் சொல்லும்போது அந்த முகங்கள் மாறியதைப் பார்த்தவனுக்கு, கார்டு போன கரோலைப் பார்த்து அழுகை வருவதோடு வேறு சில எண்ணங்களும் வரத்தான் செய்யும்.

சரி, படத்துக்கு வருவோம். பாரிஸ் மெட்ரோவில் சீப்பில் காகிதம் வைத்து ஊதிப் பிச்சை எடுக்கும் கரோலை மிகோவாய் என்ற இன்னொரு போலந்துக்காரர் கண்டுகொள்கிறார். அவர் உதவியால் தன் பெட்டிக்குள்ளேயே சுருண்டு படுத்து விமானத்தில் வார்ஸா போய்ச் சேர்கிறான். பெட்டியைத் திருடர்கள் தூக்கிப்போய், திறந்து பார்த்து ஏமாந்து, அவனை அடித்துக் குப்பைமேட்டில் வீசுகிறார்கள். பனி மூடிய அந்தக் குப்பைமேட்டைப் பார்த்து, அப்பாடா, வீடு வந்து சேர்ந்தேன் என்று அவன் நிம்மதிப்படுவான். கம்யூனிசம் போய் முதலாளித்துவம் வந்து நாலைந்து வருடமே ஆன போலந்து அது. அண்ணன் சலூன் வாசலில் நியான் பலகை. ஐரோப்பா ஆகிவிட்டோமாம். கரோல் பணம் மாற்றும் கடையில் காவலுக்கு நின்று, முதலாளிகள் பேசுவதை ஒட்டுக்கேட்டு, கிடங்குகள் வரப்போகும் நிலத்தை முந்திக்கொண்டு வாங்கி, பத்து மடங்குக்கு விற்றுப் பெரிய ஆள் ஆகிறான்.

அப்புறம்தான் திட்டம். சொத்தையெல்லாம் டொமினிக் பெயருக்கு உயில் எழுதுகிறான். தான் செத்துவிட்டதாக ஏற்பாடு செய்கிறான். சவ அடக்கத்துக்கு வந்த அவள் அழுவதைத் தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்க்கிறான். அன்று இரவு ஓட்டல் அறையில் அவள் முன் வந்து நிற்கிறான். பாரிஸில் முடியாதது வார்ஸாவில் முடிகிறது. (பாங்கில் பேலன்ஸ் ஏறினால் ஆண்மையும் ஏறும் என்று இதைவிடக் கறாராக யாரும் படமெடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.) காலையில் அவன் இல்லை. போலீஸ் வருகிறது. கணவனைக் கொன்றாள் என்று அவளைக் கைது செய்கிறார்கள். கடைசிக் காட்சியில் சிறைக் கம்பிக்குப் பின்னால் அவள், கீழே முற்றத்தில் அவன். அவள் கை ஜாடையில் ஏதோ சொல்கிறாள், விரலில் மோதிரம் போடுவது போலக் காட்டுகிறாள். அவன் கண்ணில் நீர்.

இதைத்தான் என் நண்பர்கள் 'சமமாகிவிட்டார்கள்' என்கிறார்கள். அவன் அங்கே அந்நியன், இவள் இங்கே அந்நியள். அவன் அங்கே மொழி தெரியாமல் நின்றான், இவள் இங்கே நிற்கிறாள். அங்கே பொய்ப் புகார் மிரட்டல், இங்கே பொய்ப் புகார். அவன் சட்டப்படி செத்தவன், வெளியே தலைகாட்ட முடியாது, இவள் ஜெயிலில். இரண்டு பக்கமும் டேலி.

கணக்கு எழுதினவர்களுக்குத் தெரியும், டிரையல் பேலன்ஸ் டேலி ஆனதால் மட்டும் புத்தகம் சரி என்று ஆகிவிடாது. பற்றுப் பக்கம் ஒரு ஐந்நூறு தப்பு, வரவுப் பக்கம் இன்னொரு ஐந்நூறு தப்பு நேர்ந்தால், ஒன்றை ஒன்று ஈடுகட்டி, கீழே கூட்டுத்தொகை அழகாகச் சேர்ந்து நிற்கும். இதை எங்கள் பயிற்சி வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். மேல்பார்வைக்கு வருகிறவர் கூட்டுத்தொகையைப் பார்த்து டிக் போட்டுவிட்டுப் போவார். கரோலுக்குக் கைதட்டுகிறவர்கள் அந்த இன்ஸ்பெக்டர் மாதிரி.

மேலும், இது டேலி கூட ஆகவில்லை. சிறைச்சாலை முற்றத்தில் நிற்கும் கரோல் நினைத்தால் நேரே போலீஸ் நிலையத்துக்குப் போய், "நான்தான் கரோல், உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்லலாம். மோசடி வழக்கு வரும். வரட்டுமே. அவள் என்ன நினைத்தாலும் அந்தக் கதவு திறக்காது. சாவி ஒருவர் கையில் மட்டும் இருக்கும் இடத்தில் சமத்துவம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே படம் பார்த்த என் வீட்டுக்காரி அந்த இடத்தில் சொன்னது: "ஏங்க, நின்னு அழுவறதுக்கு நேரமிருக்கு, போய் ஒரு வார்த்தை சொல்றதுக்கு அவனுக்கு நேரமில்லையா?" நான் இவ்வளவு பக்கம் எழுதுவதை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

"அவள் மட்டும் யோக்கியமா?" என்று கேட்பீர்கள். கேட்டார்கள். யோக்கியம் என்று நான் சொல்லவே இல்லை. தீ வைத்தது கொடுமை, போனில் செய்தது அதைவிடக் கொடுமை. ஆனால் சமத்துவம் என்பது நல்ல பெண்களுக்கு மட்டும் கொடுக்கும் நற்சான்றிதழா? கெட்டவளுக்கும் செய்யாத கொலைக்குச் சிறை கூடாது. அதோடு, அந்த சலூன் காட்சியில் அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டீர்களா? உன்னை நேசிக்கிறேன் என்றாலும் உனக்குப் புரியவில்லை, வெறுக்கிறேன் என்றாலும் புரியவில்லை என்று புலம்புகிறாள். கல்யாணத்துக்குப் பின் அவள் அனுபவித்தது என்ன, எத்தனை இரவு காத்திருந்தாள் என்று படம் சொல்வதே இல்லை. அவளுக்கு ஒரு அம்மா உண்டா, தோழி உண்டா? கரோலுக்கு அண்ணன் இருக்கிறார், உயிர் நண்பன் இருக்கிறார், திரும்பிப் போக ஒரு ஊர் இருக்கிறது, ஒன்றரை மணி நேரப் படமே இருக்கிறது. அவளுக்குக் கொஞ்சம் காட்சிகள்.

இங்கே எனக்கு கீஸ்லோவ்ஸ்கி மீதே ஒரு கேள்வி உண்டு. 'நீலம்' ஒரு பெண்ணின் கதை. 'சிவப்பு' படத்திலும் மையத்தில் ஒரு பெண். சமத்துவத்தைப் பற்றிய 'வெள்ளை'யில் மட்டும் மையத்தில் ஆண். இது தற்செயலா? அவரே படத்தைப் பார்த்துவிட்டு, டொமினிக் ஒரேயடியாக அரக்கி மாதிரி தெரிகிறாளே என்று உறுத்தி, அந்தச் சிறை ஜன்னல் ஜாடைக் காட்சியைப் பல மாதம் கழித்துத் தனியாக எடுத்துச் சேர்த்தார். ஜூலி டெல்பியின் முகமும் கைகளும் அந்தச் சில நொடிகளில் அற்புதம், மறுக்கவில்லை. ஆனால் அவள் பக்கம் இத்தனை நேரம் காலியாகக் கிடந்தது என்பதற்கு அந்த அவசரச் சேர்க்கையே சாட்சி. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிச் சேர்த்த வரவு அது.

ஆனாலும் இயக்குநர் தன் ரசிகர்களைவிடக் கெட்டிக்காரர். யாரும் உண்மையில் சமமாக இருக்க விரும்புவதில்லை, மற்றவரைவிடக் கொஞ்சம் கூடுதல் சமமாக இருக்கவே விரும்புகிறார்கள் என்ற பொருளில் அவர் பேட்டியில் பேசியிருக்கிறார். மூன்று படங்களிலும் வரும் பாட்டில் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கூன் விழுந்த முதியவர் ஒருவர் காலி பாட்டிலைக் குப்பைத் தொட்டியின் உயரமான வாய்க்குள் போடத் தடுமாறுகிறார். 'நீலம்' நாயகி கவனிக்கவில்லை. 'சிவப்பு' நாயகி போய் உதவுகிறாள். நம் கரோல் பார்க்கிறான், பார்த்து ஒரு மாதிரி சிரிக்கிறான். தன்னைவிடப் பாவமான ஒரு ஆள் கிடைத்துவிட்ட சிரிப்பு. இதைப் பார்த்த பிறகுமா அவன் சமத்துவத்தின் நாயகன்?

சவப்பெட்டிக்குள் போன ஆள் யார் என்றாவது யோசித்தீர்களா? காசு கொடுத்து வாங்கிய ஒரு ரஷ்யனின் பிணம். முகம் சிதைந்துபோனதால் வசதி, யாரும் அடையாளம் காண முடியாது. பாரிஸில் போலந்துக்காரன் மட்டம், வார்ஸாவில் ரஷ்யன் மட்டம். அந்த ஆளுக்கும் எங்கேயாவது ஒரு மனைவி இருந்திருக்கலாம். வேறொருவன் பெயர் பொறித்த கல்லறையில் அவனை வைத்து மண்ணைத் தள்ளுகிறார்கள். என் நண்பர்கள் ஒருவரும் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கரோலும் பேசவில்லை. இரண்டு பேரை சமமாக்க மூன்றாவது ஆள் ஒருவன் இலவசமாகச் செலவானான்.

கடைசியாக அவர்கள் எடுத்து வீசும் துருப்புச் சீட்டு 'சிவப்பு' படத்தின் முடிவு. ஆங்கிலக் கால்வாயில் கப்பல் மூழ்கி, பிழைத்த ஏழு பேரில் கரோலும் டொமினிக்கும் இருக்கிறார்கள். "பாருங்கள் சார், சேர்ந்துவிட்டார்கள், அவள் மன்னித்துவிட்டாள்." இருக்கலாம். மன்னிப்பது அவள் வேலை, அவள் விருப்பம். அவள் எப்படி வெளியே வந்தாள், யார் போய் என்ன சொல்லி வெளியே கொண்டுவந்தார்கள், கரோல் அதற்காக ஒரு நாளாவது உள்ளே இருந்தானா என்று எந்தப் படத்திலும் காட்டவில்லை. நம் நண்பர்கள் அந்த இடத்தைத் தாங்களாகவே கரோல் பெயருக்கு வரவு வைத்துக்கொள்கிறார்கள். வவுச்சர் கேட்டால் கோபம் வருகிறது.